அந்த ‘70’ எங்கிருந்து வந்தது?

நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்த நேரத்தில் கோவையிலிருந்து அம்மாவின் போன். “உங்கப்பனும் அண்ணனும் நாலு நாளா பேசிக்கறதில்ல. ஒரு எட்டு வந்துட்டுப் போ அம்மிணி.”

எங்களுடையது சின்ன லேத் பட்டறை. மோட்டார்களுக்கு பேரிங் ஹவுசிங் செய்து கொடுக்கிறோம். ‘பேப்பர் டிராயிங் எல்லாம் இனி ஆகாது’ என்று, ஃப்ரீகேட் என்ற இலவச சாஃப்ட்வேரை யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டவர் அப்பா. அதில் அவர் வரைந்த முதல் பார்ட் ஃபைல் இந்த ஹவுசிங்தான்.

அந்த ஃபைலுக்குள்ளேயே ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளலாம். ‘பேரிங் வெளிவிட்டம்’ என்று பெயர் கொடுத்து, எதிரே 52 என்று போட வேண்டும். படத்தில் எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால், அட்டவணையில் எண்ணை மாற்றியதும் படமும் மாறிவிடும்.

6205 பேரிங்குக்குப் பதில் 6206-க்கு ஆர்டர் வந்தபோது, அண்ணன் அதைத்தான் செய்தான். வெளிவிட்டம் 52 மி.மீ. என்பதை 62 ஆக்கினான். குழி பெரிதானது, வெளிச்சுற்றும் பெரிதானது. ஸ்கிரீனில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. 40 காஸ்டிங்கையும் கடைந்து, ஓட்டை போட்டு முடித்து, டேப் போடும்போதுதான் சுவர் பிளந்தது.

மூடியை இறுக்கும் போல்ட் ஓட்டைகள் ஒரு வட்டத்தில் அமையும். அந்த வட்டத்தின் விட்டத்தை மட்டும் அப்பா அட்டவணையில் சேர்க்காமல், படத்திலேயே 70 என்று டைப் செய்திருக்கிறார். பழைய அளவில் ஓட்டைக்கும் குழிக்கும் நடுவே 6 மி.மீ. இரும்பு இருந்தது. குழி பெரிதானபோது ஓட்டைகள் நகரவில்லை. மிஞ்சியது 1 மி.மீ.

“வரைஞ்சது அவரு” என்றான் அண்ணன். “மாத்துனவன் பாத்திருக்கோணும்” என்றார் அப்பா. 40 பீஸும் பழைய இரும்புக்குப் போயின. பட்டறை ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிருந்தது. போனில் அம்மா அதைச் சொல்லவேயில்லை.

எனக்கு இருவர் மேலும் கோபம் வரவில்லை. முந்தின வாரம்தான் ஒரு செய்தியில் தவறான எண்ணை உள்ளே திருத்திவிட்டு, தலைப்பில் பழையதையே விட்டு டோஸ் வாங்கியிருந்தேன். ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுதினால் ஒன்று மறந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். படத்தில் தனியாக டைப் செய்த எண்களை அண்ணன் ஒவ்வொன்றாகத் தேடிச் சொல்ல, நான் பெயர் வைத்து அட்டவணையில் ஏற்றினேன். அப்பா வைத்திருந்த பெயர்களையும் மற்றவர்களுக்குப் புரியும்படி மாற்றினோம்.

70 வந்தது. “இது ஏம்ப்பா 70?”

“52 கூட 18.”

“18 எதுக்கு?”

“சுவத்துக்கு 6, போல்ட்டுல பாதி 3. ஒரு பக்கம் 9 ஆச்சா? ரெண்டு பக்கத்துக்கு 18.”

அண்ணன் அவரையே பார்த்தான். இத்தனை வருடமாக அவர் மனதில் மட்டும் இருந்த கணக்கு அது. ‘சுவர் கனம்’, ‘போல்ட் விட்டம்’ என்று இரண்டு பெயர்கள் சேர்த்தோம். 70-ஐ அழித்துவிட்டு, ‘வெளிவிட்டம் + சுவர் கனம் இரண்டு மடங்கு + போல்ட் விட்டம்’ என்று எழுதினோம். 62 கொடுத்ததும் ஓட்டைகள் 80-க்கு நகர்ந்தன. 6204-க்கு 47, 6207-க்கு 72 என்று அண்ணன் மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு முறையும் சுவரை அளந்தான். எல்லாவற்றிலும் 6.

ராத்திரி பஸ் ஏறியதும் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அட்டவணையின் கடைசி வரியில் அப்பா டைப் செய்திருந்தார்: ‘புது அளவு போட்டா முதல்ல ஒரு பீஸ் மட்டும் ஓட்டிப் பாக்கோணும்.’

வளையலை தீபாவளிக்குள் மீட்டுவிடலாம் என்கிறான் அண்ணன். அதை அப்பாவிடமே சொல்லியிருக்கிறான்.