பதினொரு மணி

பெங்களூரில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு டீக்கடை வாசலில் நின்றால், பதினைந்தாவது நிமிடம் பேச்சு நாற்பத்தைந்து வயதுக்கு வந்துவிடும். அந்த வயதில் வேலையை விட்டுவிட வேண்டும். எவ்வளவு சேர்த்தால் விடலாம் என்பதற்கு ஆளுக்கொரு எக்ஸெல் கோப்பு. எல்லாக் கோப்புகளுக்கும் மூலம் 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் போட்ட கணக்கு. சேமிப்பில் முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 வருடம் பணம் தாங்கும் என்றார் அவர். அதாவது வருடச் செலவைப்போல 25 மடங்கு கையில் இருக்க வேண்டும். அமெரிக்கச் சந்தையின் பழைய எண்களை வைத்துப் போட்டது. நாங்கள் அதை வைத்துக்கொண்டு பெங்களூர் வாடகையைக் கணக்குப் பண்ணுகிறோம்.

என்னிடமும் அந்தக் கோப்பு உண்டு. ஆனால் சீக்கிரம் ஓய்வு பெற்ற ஒரு ஆளை நான் பக்கத்தில் இருந்து பார்த்தது தாழக்குடியில், எங்கள் வீட்டில்.

2019 நவம்பரில் பி.எஸ்.என்.எல். ஊழியர்களுக்கு வி.ஆர்.எஸ். அறிவித்தார்கள். 50 வயது தாண்டியிருக்க வேண்டும். வேலை பார்த்து முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள் சம்பளம், ஓய்வு வயதுக்கு மீதியிருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள் சம்பளம். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,569 பேர் வெளியே வந்தார்கள். நிறுவனத்தில் பாதிக்கும் மேல். அப்பாவும் அதில் ஒருவர். 54 வயது, 31 வருட சர்வீஸ், ஆறு வருடம் மிச்சம். அந்த ஆறு வருடத்துக்கு, வருடத்துக்கு 25 நாள் என்று ஒரு விலை வந்துவிட்டது. மிச்ச 340 நாளும் அவர் வீட்டில்தான் இருக்கப்போகிறார் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை.

54-வது நாள் ஊரடங்கு. நானும் லேப்டாப்போடு ஊர் வந்து சேர்ந்தேன். மாடி அறையில் இருந்து மீட்டிங், கீழே அப்பா, அம்மை, ஆச்சி. அப்போதுதான் அம்மையின் பகலை முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன்.

காலை அஞ்சு மணிக்கு அடுக்களை லைட் எரியும். பத்தரைக்குள் புட்டு, பயறு, ஆச்சியின் குளி, மருந்து, பாத்திரம், மத்தியானக் கறி எல்லாம் ஒதுங்கிவிடும். பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை அவள் நேரம். பின்பக்கத் திண்ணையில் ரேடியோவில் நாகர்கோவில் எஃப்.எம். 1984-ல் தொடங்கிய நிலையம் அது. நாட்டிலேயே முதல் உள்ளூர் வானொலி என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்றும் ஒரு கர்வம் உண்டு. கையில் ஒரு வாரப்பத்திரிகை. சில நாள் ஒன்றும் இல்லாமல் சும்மா இருப்பாள். நாங்கள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து, இருபத்தைந்து வருடமாக, அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட வீட்டில் ஆள் இல்லை. ஆச்சி உறங்கிவிடுவாள்.

அப்பா வீட்டில் இருக்கத் தொடங்கியதும் முதலில் போனது அதுதான்.

"கேட்டியா, ஒரு சாயா கெடைக்குமா?" பத்தே முக்காலுக்கு. சாயா வந்ததும், மோட்டார் போட்டாச்சா? அது முடிந்தால், அந்த ஸ்குரூடிரைவர எங்க வச்ச?

அவர் கெட்ட மனுஷன் இல்லை. உதவி பண்ணத்தான் துடித்தார். மசாலா டப்பாக்களை எடுத்து அகர வரிசையில் அடுக்கினார். அம்மை ரெண்டு நாள் கடுகைத் தேடினாள். வடசேரி சந்தைக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போய், மலிவாகக் கிடைத்ததென்று ரெண்டு கிலோ நெத்திலி வாங்கி வந்தார். வாங்கியது அவர், ஆய்ந்து கழுவியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் அப்பா டிக்கெட் முடிப்பவர். சர்வீஸ் அம்மை பொறுப்பில். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது விழுந்தால் அலாரம் அவளுக்குத்தான் அடிக்கும்.

ஜப்பானில் இதை வியாதியாகவே பார்த்திருக்கிறார்கள். கணவன் ஓய்வு பெற்றதும் மனைவிக்கு வயிற்றுப்புண், ரத்த அழுத்தம், தோல் தடிப்பு எல்லாம் வருவதைக் கவனித்த நொபுவோ குரோகாவா என்ற மருத்துவர் 1991-ல் அதற்கு 'ஓய்வுபெற்ற கணவன் நோய்' என்று பெயர் வைத்தார். அந்தக் கணவன்மாரைச் சொல்ல அங்கே ஒரு சொல் உண்டு: நுரே ஒச்சிபா. நனைந்த சருகு. எவ்வளவு பெருக்கினாலும் தரையில் ஒட்டிக்கொள்ளும்.

நம் நாட்டுக்கும் எண் இருக்கிறது. 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் செய்கிற ஆண்களின் கணக்கு. அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஆண்களும் குறைத்துவிட்டார்கள்! கேஸ் எப்போது தீரும், ஆச்சியின் சர்க்கரை மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருப்பதற்கு இதில் நிமிடம் கிடையாது.

எங்கள் வீட்டில் மாறியது பேசித் தீர்த்து அல்ல. ஜூலையில் அம்மைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை. ஆச்சியைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும். மகள் என்று ஆச்சிக்கு இருப்பது ஒருத்தி, அவளும் மும்பையில். அப்பா வெந்நீர் விளாவினார். பெற்ற தாயைக் குளிப்பாட்ட அவருக்கு முதலில் கூச்சம், ஆச்சிக்கு அதைவிட. முதல் ரெண்டு நாள் ஆச்சி அழுதாள். மூன்றாம் நாள், "சூடு கூடுதல்லா" என்று ஏசத் தொடங்கினாள். அம்மையின் இடுப்பு பதினைந்து நாளில் சரியான பிறகும் அப்பா அதை விடவில்லை. குளி, மருந்து, நகம் வெட்டுவது, மாதம் ஒரு தடவை ஆட்டோ பிடித்து ரத்தப் பரிசோதனை. மாத்திரை தீரப்போகிறது என்று அம்மை ஞாபகப்படுத்தியதே இல்லை. கடைசி வரைக்கும், 2023-ல் ஆச்சி போகும்வரை, அது அவருடையது.

மிச்ச நேரத்துக்கு எட்டு மரக்கால் விதைப்பாடு வயல் இருந்தது. பாட்டத்துக்கு விட்டிருந்ததைத் திரும்ப வாங்கி, கன்னிப்பூவுக்கு இறங்கினார். லாபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பத்து மணிக்கு வரப்பில் நிற்பார். வீட்டில் ரேடியோ பாடும்.

போன ஓணம் லீவில் அம்மையிடம் என் நாற்பத்தைந்து வயதுத் திட்டத்தைச் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். பணம் எவ்வளவு என்று கேட்கவில்லை.

"நீ வேலய விட்டுட்டு வீட்ல இருந்தா, அவ எங்க மக்கா போவா?"

அவ என்றது என் மனைவியை. அவளும் ஐ.டி.தான். பெங்களூர் வந்ததும் கேட்டேன்: ஒரு நாளில் உனக்கே உனக்கென்று இருக்கிற நேரம் எது? யோசிக்கவே இல்லை.

"சாயங்காலம் ஆபீஸ் கேப்ல வர்ற அம்பது நிமிஷம். குழந்தை இல்ல, மேனேஜர் இல்ல, நீங்களும் இல்ல. டிராஃபிக் ஜாஸ்தியா இருந்தா இன்னும் சந்தோஷம்."

கோப்பில் போட்டிருக்கும் கணக்கு, ரெண்டு பேரும் ஒரே வருடத்தில் வேலையை விடுவதாக.