அந்த 2,000 யாருக்கு?

விண்ணப்பத்தில் அதன் பெயர் பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய். சில ஆண்டுகளுக்கு முன்புவரை 1,500. அறிவுசார் குறைபாடு என்றால் 40 விழுக்காடு, கடுமையான உடல் பாதிப்பு என்றால் 75 விழுக்காடு என்று சான்றில் எழுதியிருக்க வேண்டும். விழுக்காட்டைப் போடுவது மருத்துவர்கள். பணத்தை அனுப்புவது தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. அன்னூரில் வங்கி வரிசையில் நின்று அதை எடுத்துவருவது என் தங்கை.

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தச் சொல்லையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டோம். வகுப்பில் தொகைநிலைத் தொடர் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தப் படிவம் நினைவுக்கு வரும். வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்திருக்கும். வினைத்தொகையில் காலம் மறைந்திருக்கும். இந்தத் தொகையில் மறைந்திருப்பது ஆள். பராமரிப்பு என்று போட்டிருக்கிறதே, யார் பராமரிக்கிறார்கள்? உதவி என்று போட்டிருக்கிறதே, யாருக்கு உதவி? நாங்கள் நிரப்பிய தாளில் பயனாளியின் பெயர் உண்டு, வயது உண்டு, விழுக்காடு உண்டு. தங்கையின் பங்கு பாதுகாவலர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து.

தங்கை மகளுக்கு இப்போது 17 வயது. மூளை முடக்குவாதம். பிறந்தவுடன் அழவில்லை. எட்டு மாதமாகியும் கழுத்து நிற்காதபோது கோவைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதுவரை சத்தி ரோட்டில் ஒரு நூல் மில்லின் அலுவலகத்தில் தங்கை கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். மாதம் 5,500 ரூபாய் சம்பளம். மகப்பேறுக்குப் பிறகு திரும்பிப் போவதாகத்தான் பேச்சு. போகவில்லை. நான்கு வருட பி.எஃப். பணத்தையும் எடுத்து ஸ்கேனுக்கும் முதல் வருட வைத்தியத்துக்கும் கட்டினாள். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: உறுப்பினர் இறந்துவிட்டால், நிரந்தரமாக முழு ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் ஓய்வூதியம் உண்டு. பிள்ளைக்காக வேலையை விட்ட தாய், பிள்ளைக்குக் கிடைத்திருக்கக்கூடிய அந்தக் காப்பையும் சேர்த்தே விட்டுவிடுகிறாள். அதை அவளுக்கு எடுத்துச் சொல்லத்தான் அங்கே யாரும் இல்லை.

இனிக் கணக்கு. தங்கை கணக்கெழுதியவள், ஆதலால் கேட்டவுடன் சொல்வாள். பன்னிரண்டு வயதிலிருந்து பெரியவர்கள் போடும் டயபர்தான். பகலில் பழைய சேலைத்துணி, இரவுக்கும் வெளியே போகவும் டயபர் என்று எவ்வளவு இழுத்துப்பிடித்தாலும் மாதம் 2,200 ரூபாய். வலிப்பு மாத்திரைக்கு 1,100. பிசியோதெரபிக்காரப் பெண் வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வருவதற்கு 2,400. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கோவைக்குப் போய்வர வாடகைக் கார் 1,800. ஆக, அரசு தரும் 2,000 டயபருக்கே போதாது. மாப்பிள்ளை தறி ஓட்டுகிறார். பாவு இருக்கிற மாதம் ஒரு மாதிரி, இல்லாத மாதம் ஒரு மாதிரி.

பஸ் இலவசம்தானே என்று கேட்பார்கள். இலவசம்தான். 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் துணையாள் ஒருவருக்கும் கிடையாது. ஆக, இவர்கள் இருவருக்குமே காசில்லை. ஆனால் 38 கிலோ உடம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, மடக்கு நாற்காலியை மறு கையில் பிடித்துக்கொண்டு, ஏறக் காத்திருக்காத பஸ்ஸின் படிகளில் ஏறச் சொல்லிப் பாருங்கள். டிக்கெட்டுக்கு இல்லாத விலை படிக்கு இருக்கிறது.

இந்த விலையைப் பொருளாதாரம் படித்தவர்கள் அளந்திருக்கிறார்கள். விப்கே குக்ளிஸ் என்ற பெண் ஆய்வாளர் பிரிட்டனின் குடும்பங்களை வைத்துச் செய்த கணக்கை அமர்த்தியா சென் தம் நூலொன்றில் எடுத்துக்காட்டுகிறார். மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களில் வாழ்பவர்களின் வருமானத்தை மட்டும் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 23 பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. அதே வாழ்க்கைத்தரத்தை எட்ட அவர்கள் செய்ய வேண்டிய கூடுதல் செலவையும் கணக்கில் சேர்த்தால் அது நூற்றுக்கு 47க்கு மேல் போய்விடுகிறது. பாதிப் பேருடைய வறுமை கண்ணுக்கே தெரியாமல் கிடக்கிறது. பிரிட்டனிலேயே அப்படி என்றால் தறிக்குடும்பத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சலுகைகளே இல்லை என்று சொல்லவில்லை. வருமான வரியில் 80டிடி என்றொரு பிரிவு இருந்தது: இப்படிப்பட்ட ஒருவரைப் பராமரித்தால் வருமானத்தில் 75,000 ரூபாய், பாதிப்பு 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் உள்ளவர்களுக்கு, அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை உண்டு. முதலில் கையிலிருந்து செலவழித்து, ரசீதுகளைச் சேர்த்து அனுப்பி, காத்திருக்க வேண்டும். கையில் இருந்தால்தானே முதலில் செலவழிக்க? இரண்டுமே, ஏற்கெனவே காசு உள்ள வீட்டைப் பார்த்துத் தைத்த சட்டை.

நான் கேட்பது செலவைப் பற்றி மட்டுமல்ல. மேலே எழுதிய கணக்கில் தங்கை எங்கே இருக்கிறாள்?

எங்குமே இல்லை. பிசியோதெரபிக்காரப் பெண் ஒரு மணி நேரம் காலை நீட்டி மடக்கினால் 300 ரூபாய். அதே காலைத் தங்கை தினமும் காலையும் மாலையும் நீட்டி மடக்குகிறாள், அதற்கு ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்து மணி பார்த்தேன். பிசைந்த சோறு ஒருவேளை உள்ளே போக ஐம்பது நிமிடம், அவசரப்பட்டால் புரையேறும். இரவில் மூன்று முறை புரட்டிப்படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். அதில் ஒரு முறை மாப்பிள்ளை எழுந்திருப்பார். நல்ல மனிதர்தான், உள்ளதைச் சொல்ல வேண்டும். நான் நோட்டில் குறிப்பதைப் பார்த்துத் தங்கை சிரித்தாள். “எனக்கென்னக்கா குடுக்கறாங்க? கொழந்தைக்குக் குடுக்கறாங்க. நான் வாங்கியாந்து செலவு பண்றேன். மில்லுல கேசியர் வேல பாத்த மாதிரிதான், சம்பளம் மட்டும் இல்ல.”

2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. பிள்ளையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ளும் நேரம் அதற்கு மேல் தனி. தங்கையின் நாளை அந்தச் சராசரிக்குள் எப்படி மடக்கி வைப்பது?

இதைப் பணமாகக் கேட்ட பெண்கள் உலகத்தில் உண்டு. பிரிட்டனில் 1976இல் ஓர் உதவித்தொகை வந்தது. உடல்நலம் குன்றியவரைப் பார்த்துக்கொள்வதற்காகச் சம்பள வேலையை விட்டவர்களுக்கு அது. திருமணமான ஆணுக்குக் கிடைக்கும். திருமணமாகாத பெண்ணுக்குக் கிடைக்கும். திருமணமான பெண்ணுக்கு மட்டும் கிடையாது. அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்பது அரசின் வாதம். தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஜாக்கி டிரேக் என்ற பெண் வழக்குப் போட்டார். அது லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல் அவர் பக்கம் தீர்ப்பானது. பத்து வருடம். இந்த வழக்கைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு அன்னூர்தான் கேட்டது. “அவ ஊட்லதானுங்க இருக்கறா, பாத்துக்குவா.” எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாத வாய் இல்லை.

நம் சட்டம் அவ்வளவு மோசமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஊனமுற்றோருக்கான ஓய்வூதியத்தை ஓரிடத்திலும், அதிக ஆதரவு தேவைப்படுவோரைப் பார்த்துக்கொள்பவருக்கான படியை வேறோர் இடத்திலும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாளையாறு தாண்டினால் கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்று ஒரு திட்டம்: முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய். 600 ஒரு தொகையா என்று கேட்கலாம். ஆனால் அது பார்த்துக்கொள்பவரைக் கணக்கில் எடுக்கிறது. எங்கள் வீட்டுக்கு மகளின் பெயரில் வருவது 2,000 மட்டும்.

2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத்தொகை தொடங்கியது. வேறு ஓய்வூதியம் வாங்கும் வீடுகளை விலக்கினாலும், கடும் பாதிப்புக்காகப் பராமரிப்புத் தொகை வாங்கும் உறுப்பினர் உள்ள குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம் என்று விதி இருந்தது. தங்கைக்குக் கிடைத்தது. 1,000 ரூபாய். உதவி அல்ல, உரிமை. மகளின் பெயரில் அல்ல, அவள் பெயரில். மூன்று மாதம் அதைத் தொடவே இல்லை. பிறகு தனக்கு ஒரு இடுப்புப் பட்டை வாங்கினாள். பதினேழு வருடம் தூக்கிய இடுப்பு. அதற்கு முன் அவளுடைய உடம்புக்கென்று அந்த வீட்டில் ஏதாவது வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

நான் கல்லூரியில் வேலை பார்ப்பவள். எனக்கு விடுப்பு என்று ஒன்று உண்டு. இமாசலத்தில், என்னைப் போலவே ஓர் அரசுக் கல்லூரியில் புவியியல் உதவிப் பேராசிரியராக இருக்கும் தாய் ஒருவர், எலும்பு எளிதில் முறியும் நோயுள்ள மகனுக்காகக் குழந்தைப் பராமரிப்பு விடுப்புக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். ஒன்றிய அரசுப் பெண் ஊழியருக்கு அது 730 நாள் உண்டு. அவருடைய மாநிலம் அந்த விதியை ஏற்கவில்லை. 2024 ஏப்ரலில், பெண்கள் வேலையில் இருப்பது சலுகையல்ல, அரசமைப்புச் சார்ந்த கடமை என்ற பொருளில் நீதிமன்றம் பேசியது. மகிழ்ச்சியோடுதான் படித்தேன். ஆனால் விடுப்புக் கேட்க முதலில் ஒரு வேலை வேண்டும். மில் கணக்கருக்கு யார் 730 நாள் தருவார்கள்?

பெண் பிள்ளை என்பதால் வந்த கணக்கு வேறு. “பொட்டப்புள்ளைக்கு இத்தன காசக் கொட்டோணுமா?” என்று உறவில் ஒரு பெரியம்மா வாசலிலேயே கேட்டிருக்கிறார். பதின்மூன்று வயதில் அவள் பெரியவளானாள். சீர் செய்வதா வேண்டாமா என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. தங்கை பட்டுப்பாவாடை கட்டிப் படம் எடுத்தாள், அவ்வளவு போதும் என்றாள். அடுத்த மாதமே யோசனை வந்துவிட்டது: “கர்ப்பப்பைய எடுத்துப்போட்டா உனக்கும் செரமம் இல்ல, அம்மிணி.” கெட்ட மனதோடு சொன்னதல்ல. மாதம் ஐந்து நாள் செலவும் வேலையும் மிச்சம் என்ற கணக்கு. 1994இல் புனேயில் ஷிரூர் அரசு இல்லத்துப் பெண்களுக்கு சசூன் மருத்துவமனையில் கர்ப்பப்பை நீக்கியபோதும் சுத்தத்தைத்தான் காரணம் சொன்னார்கள். பராமரிக்க ஆள் போடவும் துணி வாங்கவும் மனமில்லாத இடத்தில் கத்தி மலிவாகத் தெரிகிறது. மலட்டுத்தன்மை உண்டாக்கும் சிகிச்சையைச் சம்பந்தப்பட்டவரின் சம்மதமில்லாமல் செய்யக்கூடாது என்று இப்போது சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. தங்கைக்குப் பிரிவு எண் தெரியாது. “அவ ஒடம்பு அவளோடது” என்று மட்டும் சொன்னாள். அந்த மாதத்திலிருந்து நாப்கினும் அவள் கணக்கில் ஏறியது.

வருடத்துக்கு ஒருமுறை, மகள் உயிரோடு இருக்கிறாள் என்று சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் நிற்கும். அலுவலகத்துக்கு அது நியாயமான தாள்தான். இறந்தவர் பெயரில் பணம் போகக்கூடாது. ஆனால் அதைக் கையில் வாங்கிக்கொண்டு வருகிற வழியில் தங்கை எதுவும் பேசமாட்டாள்.

வரும் ஆடியில் மகளுக்கு 18. பிறகு அவள் சட்டப்படி மேஜர். பெற்ற தாய்கூட அவளுக்காகக் கையெழுத்துப் போட, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்டத்தில் ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழு பாதுகாவலராக நியமிக்க வேண்டும். இதில் யார் பெயரைப் போடுவது என்று இப்போது பேச்சு நடக்கிறது. அப்பா பெயர் போதும் என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். தோட்டத்தில் வரக்கூடிய பங்கும் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். “அவரு பேரு இருந்தா இருக்கட்டும், எம் பேரு இருக்கோணும்” என்கிறாள் தங்கை. மாப்பிள்ளை தலையாட்டிவிட்டார். தங்களுக்குப் பின் என்ற கேள்வியை அவள் என்னிடம் இன்னும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்: என் பெயரையும் ஒரு தாளில் எழுதி வை. அதற்கு, “உனக்கு என்னைவிட நாலு வயசு கூடக்கா” என்றாள்.

விண்ணப்பத்தை நானே நிரப்பிவிட்டேன். பிறப்புச் சான்று, மருத்துவச் சான்று, ஆதார், குடும்ப அட்டை நகல்கள் எல்லாம் வைத்தாயிற்று. இன்னும் மகளின் புகைப்படம் வேண்டும். கழுத்து நேராக, இரண்டு காதும் தெரிய. அவளை ஸ்டுடியோ மாடிக்குத் தூக்க முடியாது. வீட்டுக்கு வந்து எடுக்க 300 ரூபாய் கேட்கிறார்கள்.