முதல் பஸ்

மார்கழிக் குளிரை அனுபவிக்க உதகைக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே புறப்படுங்கள். கச்சிராயபாளையத்தில் கரும்பு வண்டிகள் சர்க்கரை ஆலைக்குச் சென்றுகொண்டிருக்கும். கோமுகி அணையைத் தாண்டினால், சாலை வளைந்து வளைந்து கல்வராயன் மலைமேல் ஏறும். வெள்ளிமலையில் ஓர் இரவு தங்கினேன். கம்பளி கொண்டுபோகாத குற்றத்துக்குப் பற்கள் தாளம் போட்டன!

விடியுமுன் டீக்கடை அடுப்பைத் தேடிப் போனேன். அங்கே சால்வையும் புத்தகங்களுமாக ஒரு பெண்; பக்கத்தில் டார்ச் விளக்குடன் அவள் தாத்தா. கள்ளக்குறிச்சி அரசு கலைக் கல்லூரியில் படிக்கிறாளாம்.

"இந்தப் பனியிலா, அம்மா?" என்றேன்.

"இன்னிக்குப் பரீட்சைங்க ஐயா. இந்த பஸ்ஸை விட்டா, ஒரு வருஷப் படிப்பே போச்சு!"

இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தாரல்லர், தமிழ் பேசும் மலைமக்கள். 1976 வரை இம்மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அவர்கள் நிலத்தில் இம்மக்கள் கூலியின்றி உழைத்தார்கள். அந்த ஆண்டில்தான் அரசாங்கம் ஜாகீர்களை எடுத்துக்கொண்டது.

"நானும் அப்படி உழைச்சவன்தாங்க" என்றார் கிழவர். "இப்ப இவ பஸ் ஏறுற வரைக்கும் டார்ச் பிடிக்கிறேன். இதுக்கும் கூலி கிடையாது!" என்று சிரித்தார்.

பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. பெண் ஓடினாள். பஸ் மறைந்த பிறகும் கிழவர் டார்ச்சை அணைக்கவில்லை.

தாங்களும் ஒரு மார்கழியில் போய்வாருங்கள். கம்பளியை மறவாதீர்கள். முதல் பஸ்ஸில் மட்டும் ஓர் இடம் விட்டுவையுங்கள்.