நட்சத்திரத்தின் எடையும் ஆயுளும்

நட்சத்திரங்களை எண்ண முயல்வோர் உண்டு. அவற்றை நிறுத்துப் பார்ப்போரும் உளர் என்றால் நம்மிற் பலர் நகைப்பர். தராசை எங்கே கட்டித் தொங்கவிடுவது என வினவுவர். அவ்வையம் நமக்கும் இருந்தது. ஆசிரியர் கூறிய எண்ணை ஏட்டில் எழுதிக்கொண்டு அமைதல் எளிது. ஆயினும் நட்சத்திரத்தின் ஒளியும் உஷ்ணமும் ஆயுளும் அதன் பொருளளவைப் பற்றியே நிற்பன. அவ்வெண் பொய்க்குமாயின் அதன்மேற் கட்டியவை யாவும் சரியும். ஆதலின் சிரியஸ் என்னும் நட்சத்திரம் ஒன்றை எடுத்து, நாமே கணக்கிட்டறியத் துணிந்தோம்.

தை மாதத்து இரவில் மிருகசீரிடத்தின் அருகே வரிசையாய் நிற்கும் மூன்று மீன்களைத் தென்கிழக்கு நோக்கி நீட்டிப் பார்த்தால் சிரியஸ் தோன்றும். வடமொழி வானூலார் இதனை லுப்தகம் என்பர். இரவு வானில் இதனினும் ஒளி மிக்க நட்சத்திரம் வேறில்லை. இது நேரே செல்லாது அசைந்தசைந்து செல்வதைக் கண்ட பெஸல் என்னும் ஜெர்மானியர், கண்ணுக்குப் புலனாகாத துணையொன்று இதனை இழுக்கின்றது என்று 1844-இல் அறிவித்தார். 1862-இல் அமெரிக்காவில் ஆல்வன் கிராகம் கிளார்க் என்பவர் புதிய தூரதிருஷ்டிக் கண்ணாடியொன்றைச் சோதிக்குங்கால் அத்துணையை நேரிற் கண்டார். பெஸல் அதனைக் காண இருந்திலர். அவர் 1846-இலேயே காலஞ்சென்றார். நாமும் சிறு கண்ணாடியொன்றால் முயன்றோம். தலைவனின் பேரொளியில் துணை முற்றும் மறைந்துபோயிற்று.

இனிக் கணக்கு. இவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 50 ஆண்டு செல்லும். சிரியஸ் நம்மிடமிருந்து 8.6 ஒளியாண்டுத் தூரத்தது. அத்தூரத்தையும் வானில் அவை விலகித் தோன்றும் கோணத்தையும் கொண்டு அளந்தால், அவற்றின் சராசரி இடைவெளி பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 19.8 மடங்காகும். கெப்ளரும் நியூட்டனும் வகுத்த விதிப்படி, இடைவெளியின் கனத்தைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்தல் வேண்டும். 19.8-இன் கனம் சுமார் 7,760, 50-இன் வர்க்கம் 2,500, ஈவு 3.1. இரண்டும் சேர்ந்து மூன்று சூரியர்க்குச் சற்று மேற்பட்ட பொருளுடையன என்பது இதனாற் பெறப்படும். தராசு தாங்கும் புள்ளிக்கு அண்மையில் நிற்பதே கனமுடையதன்றோ? பொது மையத்தைச் சுற்றுங்கால் சிரியஸின் வட்டம் துணையின் வட்டத்திற் பாதியே. ஆகவே சிரியஸ் இரண்டு சூரியரளவு, துணை ஒரு சூரியனளவு. ஒரு காகிதமும் எழுதுகோலும் இதற்குப் போதுமானவையாயின!

இத்துணைப் பொருள் எங்ஙனம் ஒளியாகின்றது? விறகுபோல் எரிவதன்று. நான்கு ஹைட்ரஜன் அணுக்கரு இணைந்து ஒரு ஹீலியம் ஆகுங்கால் எடையில் நூற்றுக்கு 0.7 பங்கு குறைகின்றது. குறைந்த அப்பங்கே சக்தியாய் வெளிப்படும். இவ்வழியை எடிங்டன் 1920-இல் சுட்டினார்; பெத்தே 1939-இல் விரித்துரைத்தார். சிரியஸ் போன்ற கனத்த நட்சத்திரங்களில் கரியணு தரகன்போல் இடைநின்று, இணைப்பை முடித்துவைத்து, தன் முதல் குறையாமல் மீள்கின்றது.

சிரியஸின் கையிருப்பு சூரியனைப்போல் இரு மடங்கு. செலவோ 25 மடங்கு. சூரியனுக்கு ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டு ஆயுளாயின், இதற்குப் பன்னிரண்டில் ஒரு பங்களவே வாய்க்கும். செல்வர் வீட்டுப் பிள்ளை போலும்!

துணையின் நிலை இன்னும் வியப்பிற்குரியது. முன்னொரு காலத்து இருவருள் கனத்தது அதுவே. விரைந்து செலவிட்டு முடிந்தது. இன்று சூரியனளவு பொருள் பூமியளவு உருண்டையில் அடங்கிக் கிடக்கின்றது. சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்து நோக்கிய கப்பற்பயணத்தின்போது இத்தகைய உருண்டைக்கும் எல்லையுண்டு எனக் கணக்கிட்டார். அவ்வெல்லை இன்று சுமார் 1.4 சூரியனளவு எனக் கொள்ளப்படுகின்றது. அதற்கு மேற்பட்டது தன் பாரத்தைத் தானே தாங்காது. சிரியஸின் துணை எல்லைக்குட்பட்டதாதலின் நொறுங்காது. புதிதாக எரிப்பதற்கும் ஒன்றுமின்றி, பழைய உஷ்ணத்தைச் சிறிது சிறிதாக வெளியிட்டு ஆறிக்கொண்டிருக்கின்றது.