பாதாள வாசலில் துடைப்பம்

ஆஸ்திரேலியாவில் 'புஷ்' என்று ஒரு சொல் வழங்குகிறது. அகராதியைப் புரட்டினால் 'புதர்' என்று பொருள் போட்டிருக்கும். ஆனால் அந்நாட்டார் 'புஷ்ஷுக்குப் போகிறோம்' என்று சொல்லும்போது, நகரத்து ஓசை எட்டாத யூகலிப்டஸ் காடு, மேடு பள்ளம், ஓடை, பாறை எல்லாவற்றையும் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள். நமது வீடுகளில் ஜலதோஷத்துக்குத் தேய்த்துக் கொள்ளும் நீலகிரித் தைலம் இருக்கிறதே, அதைத் தரும் மரத்துக்கு அந்தக் காடுகளே பிறந்தகம். நீலகிரி அதற்குப் புக்ககந்தான்.

ஸிட்னி நகரத்திலிருந்து தென்மேற்கே மோட்டாரில் சுமார் இரண்டரை மணி நேரம் பிரயாணம் செய்தால் பங்கோனியா என்னும் பிரதேசத்தை அடையலாம். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் பூமி அது. மேலே நின்று பார்த்தால் சாதாரணக் காடுதான். நாலு அடி எடுத்து வைத்தால் பூமி திடீரென்று வாயைத் திறந்து கிணறு போலக் கீழே இறங்குகிறது. இவ்விதமாக ஏறக்குறைய 200 குகைகள் அங்கே உண்டு. ஒன்றின் ஆழம் 140 மீட்டருக்கு மேல். காட்டின் ஓரத்திலோ, பங்கோனியா ஓடை மலையை வாளால் அறுத்தாற்போல் அறுத்துக்கொண்டு ஷோல்ஹேவன் நதியைத் தேடி ஓடுகிறது. அந்தப் பிளவின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தாமாகவே பற்றிக் கொள்வார்கள்.

குகைகளில் இறங்குவதையே பொழுதுபோக்காகக் கொண்ட சங்கங்கள் ஆஸ்திரேலியாவில் பல இருக்கின்றன. முதலாவது சங்கம் 1946-ல் டாஸ்மேனியாவில் தோன்றியது. 1948-ல் ஸிட்னி சர்வகலாசாலை மாணவர்கள் ஒன்று தொடங்கினார்கள். 1956-ல் எல்லாச் சங்கங்களுக்குமாக ஒரு சம்மேளனமும் ஏற்பட்டது. கைக்காசைச் செலவழித்து, கயிற்றில் தொங்கி, சேற்றில் ஊர்ந்து, முழங்காலைச் சிராய்த்துக் கொண்டு வெளியே வந்து 'ஆனந்தமாயிருந்தது!' என்று சொல்லும் மனிதர்கள் இவர்கள்.

இப்படிப்பட்ட ஒரு சங்கத்தார், கோடை கழிந்த பின் ஒரு சனி ஞாயிறில், கயிறுகளை வேறொரு காரியத்துக்காக எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். கூடவே தடித்த கையுறை, கோணிச் சாக்கு, மண்வெட்டி, இரும்புக் கப்பி. குகைக்குள் போவதற்கல்ல, குகைக்கு மேலே இருக்கும் காட்டைச் சுத்தம் செய்வதற்கு. நாமும் உடன் சென்றிருந்தோம்.

குகைக்காரர்களுக்குக் காட்டைப் பற்றி என்ன கவலை என்று நேயர்கள் கேட்கலாம். மற்ற நிலங்களில் மழை ஜலம் மண்ணில் ஊறி, மணலில் வடிந்து, மெதுவாகத் தெளிந்து கீழே செல்கிறது. சுண்ணாம்புக்கல் பூமியில் அந்த வடிகட்டி கிடையாது. புனல் வடிவமான பள்ளங்களின் வழியாக மழை நேரே குகைக்குள் பாய்கிறது. அங்கிருந்து மலைப்பிளவின் அடியில் ஊற்றாக வெளிப்பட்டு ஓடையில் கலக்கிறது. மேலே எறிந்தது எதுவோ அதுதான் கீழே குடிநீர். முற்காலத்துப் பண்ணைக்காரர்களுக்கு இது தெரியாது. ஆடு செத்தாலும் வேலி அறுந்தாலும், பூமாதேவியே வெட்டி வைத்த குப்பைக்குழி என்று அந்தப் பள்ளங்களில் தள்ளிவிட்டார்கள்.

நமது கோஷ்டிக்கு ஒதுக்கப்பட்ட பள்ளம் ஒரு சிறு கோயில் குளம் அளவு இருக்கும். மேலே மரத்தில் கப்பியைக் கட்டி, நாலு பேர் கீழே இறங்கிச் சாக்குகளை நிரப்ப, மற்றவர்கள் இழுத்தோம். முள்கம்பிச் சுருள்கள், துருப்பிடித்த பீப்பாய்கள், ஆட்டு மருந்துப் புட்டிகள், மோட்டார் டயர்கள், ஒரு கட்டிலின் இரும்புச் சட்டம் எல்லாம் வந்தன. ஒரு குழந்தைத் தள்ளுவண்டியும் வந்தது. மூன்று சக்கரங்கள் நன்றாகவே சுழன்றன, நாலாவதைக் காணோம். பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தம் பேரனோடு வந்திருந்தார். சாக்குகளை எண்ணும் பொறுப்பைச் சிறுவனிடம் கொடுத்தார்கள். அவன் கணக்கில் ஒரு சாக்குக்கூடத் தப்பவில்லை.

எலும்புகளை மட்டும் யாரும் தொடவில்லை. இத்தகைய குழிகளில் தவறி விழுந்த காட்டு மிருகங்களின் எலும்புகள் வெகு காலம் கெடாமல் கிடக்கும். அவை சாஸ்திர நிபுணர்களின் சொத்து. எதைப் பெருக்குவது, எதை விடுவது என்று அறிந்தவர் கையில்தான் துடைப்பத்தைக் கொடுக்க வேண்டும் போலும்!

பள்ளத்தில் இறங்குமுன் தலைவி ஒருவர் காற்றைச் சோதித்தார். பங்கோனியாக் குகைகள் கெட்ட காற்றுக்குப் பேர்போனவை. உள்ளே அடித்துச் செல்லப்படும் தழையும் சாணமும் அழுகுவதால் கரியமில வாயு உண்டாகி, கனத்தினால் அடியில் தங்கிவிடுகிறது. அக்காலத்தில் தீக்குச்சி அணைந்தால் திரும்பிவிடுவார்கள். இப்போது கையடக்கமான கருவி கூவி எச்சரிக்கிறது. மேலே குப்பை குறைந்தால் கீழே அழுகலும் குறையும். அங்குள்ள டிரம் குகையில் வசந்தத்திலும் கோடையிலும் ஒரு ஜாதி வௌவால்கள் கூட்டமாகக் கூடிக் குஞ்சு பொரி... இல்லை, வௌவால் குட்டியல்லவா போடும்! அந்தப் பிரசவ காலம் கழியட்டும் என்றுதான் இந்த வேலையைக் கோடைக்குப் பிறகு வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை களையெடுப்பு. ப்ளாக்பெரி என்னும் ஐரோப்பிய முட்புதர் அந்தத் தேசத்தில் பெருந்தொல்லை. பரோன் வான் ம்யுல்லர் என்ற பிரசித்த தாவர நிபுணரே, வழிப்போக்கர்களுக்குப் பழம் கிடைக்கட்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் அதன் விதையை ஊர் ஊராய்ப் பரப்பினாராம். தர்ம சிந்தை, முள்ளாய் முளைத்தது. குகை வாயருகே களைக்கொல்லி மருந்து தெளித்தால் அது குகை நீரில் சேரும். ஆகவே கையால்தான் பிடுங்க வேண்டும். முட்கள் கையுறையை லட்சியம் செய்யவில்லை.

பிடுங்குவதிலும் ஒரு முறை உண்டு. 1960-களில் ஸிட்னியைச் சேர்ந்த ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற இரு சகோதரிகள் அதை வகுத்தார்கள். களை மண்டிய இடத்தில் பாய்ந்து வெட்டாதே, காடு நன்றாயிருக்கும் இடத்திலிருந்து கெட்ட இடத்தை நோக்கிப் போ, மண்ணைக் கிளறாதே, சொந்தச் செடி தானே முளைத்துவரும் வேகத்துக்கு மேல் வேகம் காட்டாதே. காலை முழுவதும் வேலை செய்து, நாலு பாய் விரிக்கிற அளவு இடத்தைத்தான் மீட்டோம். உபாத்தியாயருக்கு அதுவே பரம திருப்தி.

இத்தகைய தொண்டு அந்நாட்டில் பரவியதற்கு இயான் கீர்னன் என்ற பாய்க்கப்பல் வீரரும் ஒரு காரணம். கடற்பயணத்தில் கண்ட குப்பை அவர் மனத்தை உறுத்தியது. 1989 ஜனவரி 8-ல் ஸிட்னித் துறைமுகத்தைச் சுத்தம் செய்யலாம் வாருங்கள் என்று அழைத்தார். 40,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு தேசமெங்கும் ஏறக்குறைய 3,00,000 பேர். 2018-ல் அவர் காலமானார்; மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் அந்தப் பணி இன்றும் நடக்கிறது.

மாலையில் மலைப்பிளவின் விளிம்புக்கு அழைத்துச் சென்றார்கள். எதிர்க்கரையில் சுண்ணாம்புக்கல் சுரங்கம். மலையைப் படிப்படியாய்ச் செதுக்கியிருக்கிறது. வேறோர் இடமான கோலாங் குகைப் பகுதியிலும் இவ்வாறு வெட்ட எண்ணியபோது, 1968-ல் ஒரு கமிட்டி கிளம்பி எதிர்த்தது, வெட்டு நடக்கவில்லை. இந்த மலைகளின் பூர்வ குடிகளான கண்டங்கரா மக்களைக் கேட்காமலேதான் பண்ணைகளும் சுரங்கங்களும் வந்தன. வேலை தொடங்குமுன் அம்மக்களின் பெயரைச் சொல்லி எல்லாரும் சற்று மௌனமாக நின்றார்கள். பறித்த நிலத்துக்கு அது ஈடாகாது. ஆயினும் பெயரைக்கூட மறந்திருந்த காலமும் ஒன்று உண்டு.

இருட்டுமுன் லாரி நிரம்பிவிட்டது. தள்ளுவண்டியை மேலே வைத்துக் கட்டினார்கள். பள்ளத்தில் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி. அடுத்த மாதம் எந்தச் சனிக்கிழமை வருவது என்று, தேநீரைக் குடித்துக்கொண்டே தலைவி பஞ்சாங்கம் பார்க்க ஆரம்பித்தார்.