கடைசி செமஸ்டரிலிருந்து தொடங்கும் திட்டம்

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுக் கல்லூரி) ஒன்றில் குற்றவியல் நீதி படிக்க வருபவருக்கு கவுன்சிலர் போட்டுத் தரும் படிப்புத் திட்டம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். நான்கு செமஸ்டருக்கு நான்கு கட்டங்கள், கட்டத்துக்கு நான்கைந்து பாடங்கள், அடியில் 60 யூனிட் (பாட அளவு) என்று ஒரு கூட்டுத்தொகை. வெறும் கால அட்டவணை மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த மாணவர் எந்த வேலைக்கு எப்போது விண்ணப்பிக்கலாம், எந்தப் பல்கலைக்கழகம் அவரை எடுத்துக்கொள்ளும், படித்ததில் எத்தனை பாடம் கணக்கில் சேராமல் போகும் என்பதையெல்லாம் அந்தத் தாள்தான் முடிவு செய்கிறது.

தொழில் பழகிய கவுன்சிலர் அதை முதல் கட்டத்திலிருந்து நிரப்புவதில்லை. கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பத்திரிகை அடிக்கும் நாளையும் ஜவுளி எடுக்கும் நாளையும் முடிவு செய்வார்களே, அந்த முறைதான் இங்கேயும். "எந்த கிளாஸ் எடுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டு வரும் பதினெட்டு வயதுப் பையனிடம் அவர் திருப்பிக் கேட்பது, "முடித்த பிறகு எங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள்?" என்பதைத்தான்.

பதில்கள் அநேகமாக மூன்று நான்கு வகைக்குள் அடங்கும். சிலர் உள்ளூர் போலீஸில் சேர வேண்டும் என்பார்கள், சிலர் எஃப்.பி.ஐ. என்பார்கள். சிறார்களோடு வேலை செய்ய விரும்பி புரபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) அதிகாரி ஆக நினைப்பவர்கள் உண்டு. தடயவியல் ஆய்வகத்தைக் கனவு காண்பவர்களும் உண்டு. இந்த நால்வரும் ஒரே அறிமுக வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் தட்டப்போகும் கதவுகள் வேறு வேறு. கலிஃபோர்னியாவில் 2021இல் வந்த சட்டம் போலீஸ் அதிகாரி ஆவதற்கான குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்திவிட்டது. அதற்குமேல் போலீஸ் அகாடமி பயிற்சி இருக்கிறது. மாநில விதிப்படி அது குறைந்தது 664 மணி நேரம். எஃப்.பி.ஐ. சிறப்பு ஏஜென்டாகச் சேர நான்காண்டுப் பட்டம் வேண்டும், வயது 23 ஆகியிருக்க வேண்டும், பட்டத்துக்குப் பின் வேலை அனுபவமும் காட்ட வேண்டும். புரபேஷன் வேலைக்குப் பல கவுன்டிகள் நான்காண்டுப் பட்டம் கேட்கின்றன.

நான்காவது மாணவரிடம்தான் கவுன்சிலர் மிகவும் கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துத் தடயவியலின்மேல் ஆசை கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். டி.என்.ஏ. ஆய்வு, நச்சு ஆய்வு முதலியவற்றைச் செய்யும் ஆய்வகங்கள் கேட்பதோ வேதியியல் அல்லது உயிரியல் போன்ற அறிவியல் பட்டம். குற்றவியல் நீதிப் பட்டத்தை வைத்துக்கொண்டு அந்த வாசலுக்குள் நுழைவது கடினம். அவருடைய முதல் செமஸ்டரில் எழுத வேண்டியது பொது வேதியியலும் அதற்குத் தேவையான கணக்கும்தான். வேதியியல் படிப்படியாகப் போகிற பாடம். பொது வேதியியலின் இரண்டு பகுதிகளையும் முடித்த பிறகே கரிம வேதியியலுக்குப் போக முடியும். இந்தச் சங்கதி மூன்றாவது செமஸ்டரில் தெரியவந்தால் ஒரு வருடமோ இரண்டு வருடமோ கூடுதலாகப் படிக்க நேரிடும். முதல் சந்திப்பிலேயே ஆய்வகம் ஒன்றின் வேலை விளம்பரத்தை எடுத்து, தகுதி என்ற பகுதியை மாணவர் வாயாலேயே படிக்க வைத்தால் விஷயம் பத்து நிமிடத்தில் விளங்கிவிடுகிறது.

இந்தப் படிப்பு கல்லூரிக்குள் வந்து சேர்ந்த கதையை அறிந்திருப்பது திட்டம் போடுகிறவருக்கு உதவும். பெர்க்லியின் போலீஸ் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர் 1908இல் தன் ஆட்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1916இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் நடக்கவும் அவரே காரணம். 1930இல் சான் ஹோஸே கல்லூரியில் போலீஸ் படிப்பு வந்தது. பெரிய பாய்ச்சல் 1967க்குப் பிறகு நடந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் அமைத்த குற்ற ஆணையம், காவல் அதிகாரம் உள்ள எல்லோரும் காலப்போக்கில் நான்காண்டுப் பட்டதாரிகளாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. மறு ஆண்டு வந்த சட்டத்தின் கீழ், போலீஸார் கல்லூரிக்குப் போக மத்திய அரசு பணம் கொடுத்தது. நாடெங்கும் கம்யூனிட்டி காலேஜ்களில் இந்தத் துறை மளமளவென்று முளைத்தது.

வேகமாக முளைத்ததில் கோளாறும் இருந்தது. லாரன்ஸ் ஷெர்மன் தலைமையில் 1978இல் வெளியான தேசிய அறிக்கை, பல கல்லூரிகள் அகாடமியில் சொல்லித்தர வேண்டிய தொழில் நுணுக்கங்களையே கல்லூரிப் பாடமாக நடத்துவதாகக் கடுமையாக விமர்சித்தது. ரோந்து போவது எப்படி, கைது செய்வது எப்படி என்பதை அகாடமி எப்படியும் கற்றுத்தரும். கல்லூரி தர வேண்டியது வேறு என்ற அந்த வாதம் இன்றைய திட்டத் தாளிலும் தொடர்கிறது. ரோந்து, ஆயுதப் பயிற்சி வகைப் பாடங்களால் தாளை நிரப்பினால் மாணவருக்கு உற்சாகமாகத்தான் இருக்கும். பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது அவற்றில் பல எடுபடாது.

எடுபடாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2004 முதல் 2009 வரை அமெரிக்காவில் கல்லூரி மாறிய மாணவர்கள் தாங்கள் சேர்த்த கிரெடிட்டில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம், கலிஃபோர்னியாவாசிக்கு 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலரில் முடிந்துவிடும். பணத்தைவிடப் போகிற காலம்தான் வலிக்கும். ஒருவர் இரவுக் காவல் வேலை பார்த்துவிட்டு, தூங்காமல் காலை எட்டு மணி வகுப்புக்கு வந்து தேறிய பாடத்தை "இது எங்களுக்குச் செல்லாது" என்று ஒரு பல்கலைக்கழகம் தள்ளுவதைப் பார்க்கிற எந்தக் கவுன்சிலருக்கும் மனம் கொதிக்கத்தான் செய்யும்.

இதைத் தடுக்கவே 2010இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, டிரான்ஸ்பருக்கென்று, அதாவது பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்று வகுத்த அசோசியேட் என்ற இரண்டாண்டுப் பட்டத்தை 60 யூனிட்டில் முடித்தவருக்கு கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. அங்கே ஒத்த துறையில் இன்னொரு 60 யூனிட் முடித்தால் நான்காண்டுப் பட்டம். உறுதி என்பது அமைப்புக்குத்தான், குறிப்பிட்ட வளாகத்துக்கு அல்ல என்பதை மாணவரிடம் சொல்லாமல் விடக்கூடாது. லாங் பீச் வளாகம் மட்டும்தான் வேண்டும் என்று நினைத்திருப்பவர் பிறகு ஏமாந்துபோவார். அதே கம்யூனிட்டி காலேஜில் அதே துறையில் உள்ளூர் அசோசியேட் பட்டமும் சான்றிதழும்கூட இருக்கும். பெயர்கள் ஒன்றுபோலவே இருப்பதால், எதில் பதிவு செய்திருக்கிறோம் என்று தெரியாமலே ஒரு வருடம் ஓட்டிவிடுகிறவர்களும் உண்டு.

இனி அந்தத் தாளையே கிட்டப் போய்ப் பார்க்கலாம். டிரான்ஸ்பர் பட்டத்தில் துறைக்கென்று 18 யூனிட். அறிமுகப் பாடமும் குற்றச் சட்டமும் கட்டாயம். நீதிமன்ற நடைமுறை, சாட்சியச் சட்டம், புலனாய்வு, தடயவியல் அறிமுகம், சமூகமும் நீதியும், சிறைத்துறை, சிறார் நடைமுறை ஆகியவற்றில் இரண்டு. மீதி இரண்டை இந்தப் பட்டியலிலிருந்தே எடுக்கலாம், அல்லது சமூகவியல், உளவியல், புள்ளியியல் என்று வெளியே போகலாம். இதற்கு மேல் பொதுக்கல்வி 34 யூனிட். இரண்டையும் கூட்டினால் 52.

கவுன்சிலரின் கைவண்ணம் தெரிவது இங்கேதான். புள்ளியியல் பொதுக்கல்வியின் கணக்குக் கட்டத்தையும் நிரப்பும், துறைக் கட்டத்தையும் நிரப்பும். சமூகவியலும் அப்படியே. பல கல்லூரிகளில் அறிமுகப் பாடமே சமூக அறிவியலாகவும் எண்ணப்படுகிறது. இப்படி 9 யூனிட் இரு பக்கமும் எண்ணப்பட்டால் 52 என்பது 43 ஆகிவிடும். 60க்கு இன்னும் 17 யூனிட் இடம் இருக்கிறது. அந்த 17இல் ஒருவர் இரண்டு செமஸ்டர் ஸ்பானிஷ் படிக்கலாம். கலிஃபோர்னியாவில் வீதியில் நின்று வேலை செய்கிறவருக்கு அதைவிடப் பயனுள்ள பாடம் குறைவு. இன்னொருவர் உளவியலில் இரண்டாவது பாடம் எடுக்கலாம். ஓரிரு வளாகங்களைக் குறிவைத்திருப்பவர், அந்த வளாகம் கேட்கும் முன்பாடங்களை அசிஸ்ட் என்ற மாநிலத் தரவுத்தளத்தில் பார்த்து அங்கே செருகலாம்.

புள்ளியியல் என்றதும் பல முகங்கள் வாடும். முன்பெல்லாம் வகுப்பு நிலைத் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களை அடிப்படைக் கணக்கு வகுப்புகளில் ஒன்றன்பின் ஒன்றாக உட்காரவைத்தார்கள். நடுவிலேயே பலர் படிப்பை விட்டார்கள். 2017இல் வந்த சட்டத்துக்குப் பின், நேராகப் புள்ளியியலிலேயே சேர்ந்து, கூடவே உதவி வகுப்பும் எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. பயம் அதிகமுள்ளவர் அதைத் தள்ளிப்போடத்தான் கேட்பார். முதல் வருடத்திலேயே அதை வைப்பதுதான் அவருக்குச் செய்யும் நன்மை.

ஆங்கிலக் கட்டுரை வகுப்பும் பேச்சு வகுப்பும் இப்படித்தான். "போலீஸுக்குப் போகிறவனுக்கு இது எதற்கு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். போலீஸ் அதிகாரியின் வேலையில் பெரும்பகுதி எழுத்துதான். அவர் எழுதும் அறிக்கை அரசு வழக்கறிஞரிடம் போகிறது, பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் வரிவரியாகப் பிரிக்கப்படுகிறது. கடைசியில் அவரே கூண்டில் ஏறி அதற்குப் பதில் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக்கூடாது என்று பிரேடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக, பொய் சொன்னதாகப் பதிவான ஓர் அதிகாரியின் சாட்சியம் பின்னர் வரும் வழக்குகளிலும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. தெளிவாகவும் உண்மையாகவும் எழுதத் தெரியாதவருக்கு இந்தத் தொழிலில் நிலைப்பது சிரமம்.

உண்மை பேசுவது கவுன்சிலர் அறையிலும் வேண்டும். பின்னணிச் சோதனை பற்றி முதல் செமஸ்டரிலேயே பேசிவிடுவது நல்லது. ஃபெலனி எனப்படும் கடுங்குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் கலிஃபோர்னியாவில் பொதுவாக போலீஸ் அதிகாரி ஆக முடியாது. இதை அறியாமல் இரண்டு வருடம் படித்து, விண்ணப்பப் படிவத்தில் முதன்முறையாகத் தெரிந்துகொள்வது ஒருவருக்கு நேரக்கூடாத கொடுமை. அதற்காக இந்தப் படிப்பே அவருக்கு இல்லை என்று சொல்வதும் அநியாயம். போதை மீட்பு ஆலோசனை, சிறையிலிருந்து வெளிவருவோருக்கான மறுவாழ்வுப் பணி, சட்ட அலுவலக வேலை என்று, அனுபவப்பட்டவரின் குரல் தேவைப்படும் இடங்கள் உண்டு. 2014இல் வந்த சட்டம் கம்யூனிட்டி காலேஜ்கள் மாநிலச் சிறைக்குள்ளேயே வகுப்பு நடத்த நிதி வழியைத் திறந்தது. 1994இல் கைதிகளுக்கு மறுக்கப்பட்ட பெல் என்ற மத்திய அரசு உதவித்தொகை 2023 ஜூலையில் திரும்பக் கிடைத்தது. ரைசிங் ஸ்காலர்ஸ் என்ற திட்டம் சிறையில் இருப்பவர்களையும் வெளியே வந்தவர்களையும் கல்லூரிகளோடு இணைக்கிறது. சிறைக்குள் தொடங்கிய பாடங்களை வெளியே தொடர வேண்டுமானால், உள்ளே இருக்கும்போதே டிரான்ஸ்பராகும் பாடங்களாகத் தேர்ந்து போட்டிருக்க வேண்டும்.

பதினெட்டு வயதுப் பையனுக்குத் திரும்புவோம். போலீஸ் அதிகாரி ஆகும் வயது வர மூன்று வருடம் இருக்கிறது. பட்டத்துக்கு இரண்டு வருடம். கவுன்சிலர் அந்த மூன்றாவது வருடத்தையும் தாளில் எழுதுகிறார். போலீஸ் கேடட் வேலை, 911 அவசர அழைப்பு மையம், அல்லது மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டு. வீட்டுக்குச் சம்பாதிக்க வேண்டியவர் என்றால் செமஸ்டருக்கு 15 யூனிட் என்பதை 9 ஆக்கி, கோடையில் ஒரு பாடம் சேர்த்து, இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடமாக விரிக்கலாம். எந்த யூனிட் எண்ணிக்கைக்கு எவ்வளவு உதவித்தொகை குறையும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் பிற்பாடு திண்டாட வேண்டியதில்லை.

ஒவ்வொரு செமஸ்டரும் அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டாவது செமஸ்டர் முடிவில் அந்தப் பையன் வந்து, போலீஸ் வேண்டாம், சிறார் புரபேஷன் பக்கம் போகிறேன் என்று சொல்லக்கூடும். சமூகவியலும் புள்ளியியலும் முதல் வருடத்திலேயே முடிந்திருந்தால், மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் அக்டோபர் மாதம் ஏற்கனவே தாளில் குறிக்கப்பட்டிருந்தால், கவுன்சிலர் மாற்ற வேண்டியது மூன்றாவது கட்டத்தில் ஒரே ஒரு வரியைத்தான்: புலனாய்வை அடித்துவிட்டு, அந்த இடத்தில் சிறார் நடைமுறை என்று எழுதுகிறார்.