கதையை அப்புறம் சொல்லலாம்

ஜூலை 19, 2025. திண்டிவனம்

எதிர்வீட்டு மாடியில் தொட்டி நிரம்பி வழிந்தால் எனக்குக் கை விறைத்துப் போகிறது. மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று தெரியும். தெரிந்தும் தையல் மிஷினை விட்டு எழுந்து பையனைத் தேடி ஓடுகிறேன். அவன் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பான்.

போன நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் 51 செ.மீ. மழை என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் தெரு பள்ளம். விடிவதற்குள் வீட்டில் இடுப்புக்கு மேல் தண்ணீர், கரண்ட் இல்லை, வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு சென்னை போயிருந்தார். தோளில் இருந்த பையன் நழுவித் தண்ணீரில் விழுந்தான். இருட்டில் துழாவினேன். தலைமுடி கையில் சிக்கியது. தூக்கிவிட்டேன். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதனால்தான் எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள்: "பிள்ளதான் நல்லா இருக்கானே, அப்புறம் இன்னா?" பையனுக்கு வெள்ளம் மறந்தே போய்விட்டது. தூக்கத்தில் நான் அவன் முடியைப் பிடித்துக்கொள்வதுதான் அவன் குறை. மொட்டை அடித்துவிடச் சொல்கிறான்.

ஜூலை 24, ஆடி அமாவாசை

அத்தை மேல்மலையனூருக்கு அழைத்துப் போனார். நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம், நிற்க இடமில்லாத கூட்டம். தலைவிரித்து ஆடும் பெண்களைக் கண்டால் முன்பெல்லாம் ஒதுங்கிப் போவேன். இந்தத் தடவை பொறாமையாக இருந்தது. ஏன் கத்துகிறாய் என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அங்காளம்மன் வாசலில் அந்த ஒரு சலுகை உண்டு. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் தொட்டி வழிந்தது, கை விறைத்தது.

ஜூலை 30

பக்கத்துக் கடைக்காரம்மா சொன்ன கவுன்சலிங் சென்டருக்குப் போனேன். "கண்ணை மூடிக்குங்க. அன்னிக்கு நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க. அழுதா தீர்ந்துடும்" என்றார் அங்கே இருந்தவர். சொன்னேன், அழுதேன். முடிந்ததும், மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டினால் சலுகை உண்டு என்றார். சுவரில் தொங்கிய சான்றிதழ் மூன்று மாதப் பயிற்சிக்கானது. வீட்டுக்கு வந்தபின் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ராத்திரி முழுக்க வீட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 3

வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "மனநலம்" என்ற சொல்லே அவருக்கு ஆகவில்லை. எங்கள் மாவட்டத்தில் அந்தச் சொல் பேப்பரில் பெரிதாக வந்தது 2023 பிப்ரவரியில். விக்கிரவாண்டி பக்கம் குண்டலப்புலியூரில் மனநலம் பாதித்தவர்களை வைத்து அனுமதியில்லாமல் நடந்த அன்புஜோதி ஆசிரமத்திலிருந்து 140 பேருக்கு மேல் மீட்டார்கள். அங்கே நடந்ததாக வந்த புகார்களைப் படித்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். "உன்னையும் அப்படி ஓர் இடத்துல விட்டுட்டு வரவா?" என்று கேட்டார். கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம் தெரிந்தது.

அவர் தூங்கியபின் 14416-க்குப் போன் போட்டேன். டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. ராப்பகலாக எடுக்கிறார்கள், காசில்லை, தமிழில் பேசலாம். எடுத்த பெண் வெள்ளக் கதையைக் கேட்கவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சாகத் தோன்றுகிறதா என்று கேட்டாள். கடைசிக் கேள்வியை அவ்வளவு சாதாரணமாக ஒருவர் கேட்க முடியும் என்பதே எனக்குப் புதுசு. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, முண்டியம்பாக்கத்தில் மனநலப் பிரிவு இருக்கிறது, முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றாள்.

ஆகஸ்ட் 6. முண்டியம்பாக்கம்

மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ரயில் நின்று நின்று போனது. விக்கிரவாண்டி தாண்டியதும் ஒரு பாலம். டிசம்பரில் அங்கே வெள்ளம் ஏறித்தான் ரயில்களை நிறுத்தினார்கள். போனையே பார்த்துக்கொண்டு கடந்தேன்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஓ.பி. சீட்டு, வரிசை, பெஞ்சு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் விபத்தில் சிக்கிய லாரி டிரைவர். ஹாரன் சத்தம் தாங்கவில்லையாம். நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் இவரைப் போல எத்தனை பேரோ.

டாக்டர் என் வியாதிக்குப் பெயர் சொன்னார்: பி.டி.எஸ்.டி. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களைப் பார்த்தபின் 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் பட்டியலில் சேர்த்ததாம். எங்கேயோ சண்டை போட்டவர்களுக்கும் எங்கள் தெருப் பள்ளத்துக்கும் ஒரே பெயர்! செர்ட்ரலின் எழுதினார். வேலை செய்யச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தாதீர்கள் என்றார். கூடவே பேச்சு சிகிச்சையும் வேண்டும், அதற்கு மருத்துவ உளவியலாளரைத் தேடுங்கள் என்றார்.

"ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கான்னு கேளுங்கம்மா. கேட்டா கோவிச்சுக்கிறவங்ககிட்ட போகாதீங்க."

ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர் என்னிடம் எத்தனை கேள்வி கேட்கிறார்! லைனிங் சுருங்குமா, என்றைக்குக் கிடைக்கும், சரியில்லையென்றால் பிரித்துத் தருவீர்களா. என் தலைக்குள் கை வைக்கப் போகிறவரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்காமல் கண்ணை மூடியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9

நாள் முழுக்கப் போன். புதுச்சேரி, விழுப்புரம், சென்னை. ஒருவர் கட்டணம் என் ஒரு வார வரும்படிக்கு மேல். இன்னொருவர் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் பேசினார். என் பயம் எனக்குத் தமிழில்தான் வருகிறது. ஓர் அம்மா, "நான் இந்த வகை சிகிச்சை செய்யறதில்ல, செய்யறவங்க நம்பர் தர்றேன்" என்றார். அன்றைக்கு நான் பேசியவர்களில் அவர்மேல்தான் அதிக மரியாதை வந்தது.

ஆகஸ்ட் 14. விழுப்புரம்

மருந்துக்கடை மாடியில் சின்ன அறை. உளவியலாளர் என்னைவிட வயதில் சின்னப் பெண். கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பதிவு எண்? எடுத்துக் காட்டினாள். இந்த மாதிரி ஆட்களுக்குச் செய்திருக்கிறீர்களா, எந்த முறை, எவ்வளவு நாள் ஆகும்? பயந்து ஒதுக்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திக்க வைக்கும் முறை என்றாள். எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கியது, வாரம் ஒருமுறை வந்தால் மூன்று நான்கு மாதம். கண்ணை இடவலமாக அசைக்க வைக்கும் இ.எம்.டி.ஆர். என்றும் ஒன்று இருக்கிறது, அதில் தனக்குப் பயிற்சியில்லை என்று தானாகவே சொன்னாள்.

நான் ஆரம்பித்தேன். "அன்னிக்கு ராத்திரி..."

"கதையை அப்புறம் சொல்லலாம்க்கா. சொல்லத்தான் போறீங்க. ஆனா இன்னிக்கு வேணாம்."

எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். மரக்காணம் பக்கத்துச் சித்தி ஞாபகம் வந்தது. 2004 சுனாமிக்கு அப்புறம் வந்தவர்கள் பிள்ளைகளிடம் கலர் பென்சில் கொடுத்து அலை வரையச் சொன்னார்களாம். அடுத்த வண்டியில் வந்தவர்கள் மறுபடியும் வரையச் சொன்னார்களாம். அதை அவளிடம் சொன்னேன். ஆபத்து நடந்த கையோடு ஆளை உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்ட வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2013-இல் சொல்லிவிட்டது என்றாள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் தமிழில் எழுதிய 'மனவடு' என்ற புத்தகத்தைப் பற்றியும் சொன்னாள்.

ஆகஸ்ட் 28

வீட்டுப்பாடம். நான் ஒதுக்குவதையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றின் பயத்துக்கும் நூற்றுக்கு மார்க் போட வேண்டும். பகலில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பது, 40. ராத்திரி விளக்கணைத்து பக்கெட்டில் கை விடுவது, 85. கீழிருந்து மேலே போக வேண்டும். முதல் நாள் குழாயடியில் நெஞ்சு அடித்துக்கொண்டது, ஓடாமல் நின்றேன். பிறகு தானே அடங்கியது. பையன் வந்து, "தண்ணி வேஸ்ட் ஆவுது" என்று மூடிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 11

கதையைச் சொன்னேன். கண்ணை மூடி, நிகழ்காலத்தில், அவள் நிறுத்தி நிறுத்திக் கேட்க. போனில் பதிவு செய்து தினம் ஒருமுறை வீட்டில் கேட்கச் சொன்னாள். அன்றைக்கு அந்த சென்டரில் சொன்ன அதே கதைதான். இந்தத் தடவை, முடிந்தபின் எங்கே வந்து நிற்பது என்று தெரிந்திருந்தது.

"பையன் நழுவினப்போ உங்க இன்னொரு கை எங்க இருந்துச்சு?"

இத்தனை மாதம் நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி. என் இடது கை அத்தையின் அக்குளில் இருந்தது. அவரால் நிற்க முடியவில்லை. இரண்டு பேரையும் நான் ஒருத்தியே பிடித்துக்கொண்டிருந்தேன். பையனை விட்டுவிட்டவள் என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்திலெல்லாம் அத்தை அந்த வீட்டிலேயே இல்லாதது போல் ஆக்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 14

பதிவை இயர்போன் இல்லாமல் கேட்டுவிட்டேன். அத்தை பின்னால் நின்றிருந்தது தெரியவில்லை. ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ராத்திரியில் தானும் கட்டிலைவிட்டுக் காலைக் கீழே வைப்பதில்லை, தரை ஈரமாக இருக்கிற மாதிரியே இருக்கிறது என்றார். அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குவதற்கு நான் கரண்ட் பில்லைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

"வர்ற வியாழக்கிழமை நானும் வரவா? அந்தப் பொண்ணு என்னையும் பாக்குமா?"

தனியாகத்தான் பார்ப்பாள், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன் என்றேன். கட்டணத்தைப் பற்றிக் கேட்டார். தீபாவளி ஜாக்கெட்டுகள் வர ஆரம்பித்துவிட்டன, பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.